புது பம்ப் சத்தம் போடவில்லை என்பது பற்றி

அன்பும் மதிப்பும் மிக்க மூத்த சகலை அவர்களுக்கு,

இளைய சகலை எழுதிக்கொள்வது. அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் முப்பத்திரண்டு ஆண்டுகள் பத்திரிகையில் செய்தி எழுதியவனுக்கு, உறுதி செய்யாத தகவலை முதல் வரியில் போடக் கை வரவில்லை. நான் நலம். என் வீட்டுக்காரி நலம் என்று அவளே சொல்கிறாள். அண்ணியின் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பதற வேண்டாம், ஆபத்து ஒன்றும் இல்லை. நீங்களும் அங்கே தொழிற்சாலையில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதற்கும் ஆதாரம் கிடையாது, வெறும் நம்பிக்கைதான்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, "பம்பு சரியாயிடுச்சா?" என்பதாக இருக்கும். நானும் "ஆயிடுச்சு" என்பேன். அது உண்மை. நீங்களும் நிம்மதியாக வைத்துவிடுவீர்கள். பம்ப் சரியானதுதான் இங்கே பிரச்சினை என்பதை விளக்க போன் போதாது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நாம் இருவரும் சேர்ந்து வாங்கி எங்கள் வீட்டுப் பின்னறையில் வைத்த ஸ்பா தொட்டி உங்களுக்குத் தெரியும். பழைய தொட்டிதான். ஆனால் அக்கா தங்கை இருவருக்கும் முழங்கால் ஒரே வருடத்தில் மக்கர் செய்ததும், பிசியோதெரபி பெண் வெந்நீரில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கச் சொன்னதும், அண்ணியின் வலது முழங்கால் அன்று எழுபத்தெட்டு டிகிரிக்கு மேல் மடங்காததும், மூன்று மாதத்துக்குள் நூற்றுப்பத்தைத் தொடாவிட்டால் அறுவை சிகிச்சைதான் என்று டாக்டர் சொன்னதும் சேர்ந்து நம்மைக் கடைக்கு விரட்டின. நீங்கள் விமானம் ஏறிய பிறகுதான் வாங்கும்போது நாம் யோசிக்காத ஒன்று எனக்கு உறைத்தது. தொட்டியின் மூடியைத் திறந்தால் அரை மணி நேரத்தில் தண்ணீர் ஆறிவிடும், மறுபடி சூடாக நான்கு மணி நேரம் ஆகும். ஆக இருவரும் சேர்ந்துதான் இறங்க வேண்டும். ஏழு வருடமாக முகம் பார்த்துப் பேசாத இருவர், எதிரும் புதிருமாக, முழங்கால் இடிக்கிற தூரத்தில், வாரம் மூன்று நாள், இருபது நிமிடம். உங்கள் மகளின் பட்டமளிப்பு விழாவில் என் வீட்டுக்காரி தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தபோது எடுத்த, இத்தனைக்கும் காரணமான அந்தக் குடும்பப் படம் இன்னும் உங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. நாம் இருவரும் ஏழு வருடமாக, "அக்காவ சாப்பிட வரச் சொல்லுங்க", "தங்கச்சிகிட்ட சாவியக் குடுங்க" என்று இரு நாட்டுத் தூதர்கள் மாதிரி ஓடியதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

முதல் நாள் நான் பின்னறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். யாராவது வழுக்கி விழுந்தால் ஓட ஆள் வேண்டுமல்லவா. கதவின் மேல்பாதி பனிக்கண்ணாடி. உள்ளே இருப்பவர்கள் நிழலாகத்தான் தெரிவார்கள். பம்பைப் போட்டதும் ஒரு சத்தம் கிளம்பியது. தகரக் கூரைமேல் யாரோ பழைய சைக்கிளைப் படுக்கப்போட்டு இழுத்துக்கொண்டு போகிறார்கள், பின்னாலேயே ஒருவர் விசில் ஊதிக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சிக் கூட்டங்களில் மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து தீர்மானத்தை வரி பிசகாமல் எழுதியவன் நான். அந்தச் சத்தத்தில் என் காதில் ஒரு எழுத்துகூட விழவில்லை. இருபது நிமிடம் கழித்து இருவரும் தனித்தனியாக வெளியே வந்தார்கள். முகத்தில் சண்டைக்கான அறிகுறி இல்லை. சமாதானத்துக்கான அறிகுறியும் இல்லை. குறிப்பேட்டில் "கருத்துச் சொல்ல மறுத்துவிட்டனர்" என்று எழுதினேன்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை துண்டுகளை வெளியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கொடுக்கலாம் என்று கதவைத் தட்டினேன். பம்ப் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் திறந்து கையை மட்டும் நீட்டினேன். கையோடு கண்ணும் போய்விட்டது, அது தொழில் பழக்கம். அப்போது பார்த்தேன். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேச மற்றவர் கேட்பது என்று இல்லை. இருவருமே, ஒரே நேரத்தில், வாய் ஓயாமல், கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் இரண்டு வாயும் ஒன்றாக மூடின. நான் துண்டை வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன். முடிவில் எனக்குப் புரிந்தது. பம்ப் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. கேட்காது என்ற தைரியத்தில் அக்கா ஏழு வருடக் குறையைத் தங்கை முகத்துக்கு நேராகக் கொட்டுகிறார், தங்கையும் அப்படியே. யாரும் யாரையும் காயப்படுத்தவில்லை, இரண்டு பாரமும் இறங்கிவிட்டன. உலகத்தில் எந்த மத்தியஸ்தரும் செய்யாததை ஒரு தேய்ந்த பம்ப் செய்துகொண்டிருந்தது.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. மூன்றாம் வாரம் அண்ணி மறந்துவிட்டுப் போன சீப்பை என் வீட்டுக்காரி கழுவித் துடைத்து வைத்தாள். ஐந்தாம் வாரம் அதே சீப்பால் அவளே தலை வாரினாள். அண்ணியின் முழங்கால் எழுபத்தெட்டிலிருந்து எண்பத்தைந்துக்கும், ஏழாம் வாரம் தொண்ணூற்றாறுக்கும் வந்தது. பிசியோ பெண் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இப்படியே போனா டாக்டருக்கு வேலையே இல்ல" என்றாள்.

எட்டாம் வாரம் வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு பம்ப் ஒரு நீண்ட ஓலம் போட்டு நின்றது. வீட்டில் மின்சாரமும் நின்றது. தரையில் துருநிறத்தில் தண்ணீர். மோட்டார்க்காரரைக் கூப்பிட்டேன். கடைத்தெருவில் அவரை 'டாக்டர்' என்றுதான் சொல்கிறார்கள். வந்தவர் பம்பை வெளியே எடுத்து, ஈரத்தைத் துடைத்துக் காயவைத்து, தனி வயரில் ஒரு நிமிடம் ஓடவிட்டார். நீளமான திருப்புளியின் நுனியை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

"என்ன கேக்குது?" என்றேன்.

"நீங்களே கேளுங்க சார். சொன்னா புரியாது."

நானும் காதை வைத்தேன். டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருந்தது.

"அது பேரிங். இப்ப நுனிய முன்னாடி தள்ளுங்க. கீச்சுன்னு கேக்குதா? அது சீல். தண்ணி அந்த வழியா ஒழுகி ஷாஃப்ட்ல ஏறி பேரிங்க தின்னுருக்கு. எத்தன நாளா இந்தச் சத்தம்?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசம் கத்தியிருக்கு, ஒருத்தரும் என்னன்னு கேக்கல! மனுசனா இருந்தா வீட்ட விட்டே போயிருப்பான் சார்."

சகலை, அந்தத் திருப்புளியை அவரிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இத்தனை வருடம் எத்தனை கதவுகளுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு கருவி இருப்பது தெரியாமல் போய்விட்டதே. அவர் பம்பைப் பிரித்தார். தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தில் இரண்டு கொண்டை ஊசிகள் ஒன்றையொன்று பின்னிக் கிடந்தன. ஒன்று அண்ணியுடையது, மற்றது என் வீட்டுக்காரியுடையது. பேரிங்கையும் சீலையும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் என் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நகம் ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றது. "இந்தப் பள்ளத்துல எந்த சீலும் நிக்காது. ரெண்டு மாசத்துல மறுபடி ஒழுகும், மறுபடி கத்தும். புதுசு போட்டுருங்க" என்றார். மறுபடி கத்தும் என்று அவர் சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு மனிதனைக் குருடாக்கிவிடுகிறது.

வெள்ளிக்கிழமை புது பம்ப் வந்தது. மாட்டி, வால்வைத் திறந்து, சுவிட்சைப் போட்டார். தண்ணீர் அசையவில்லை. "உள்ள காத்து மாட்டிக்கிச்சு. தள்ளி நில்லுங்க சார்" என்று சொல்லிக் குழாய் இணைப்பைத் தளர்த்தினார். "எதுக்குத் தள்ளி?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து என் மார்பில் அடித்தது. குறிப்பேட்டில் முதல் ஆறு வாரக் குறிப்புகள் கரைந்துபோயின. மேலே தந்த எண்களை நினைவிலிருந்து தருகிறேன், பிசியோ பெண்ணிடம் சரிபார்த்துவிட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டு, "எப்போ ஓடும்?" என்று கேட்டேன். "ஓடிக்கிட்டுதான் இருக்கு. கை வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். தூங்கும் பூனையின் முதுகு மாதிரி லேசாக அதிர்ந்தது. அவ்வளவுதான் சத்தம்.

சனிக்கிழமை இருவரும் இறங்கினார்கள். வெளியே நாற்காலியில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது: குமிழி உடைவது, அடுத்த அறைக் கடிகாரம், யாரோ ஒருவர் தொண்டையைச் செருமியது. நானும் பதிலுக்குச் செருமினேன். பத்தொன்பதாவது நிமிடத்தில் அண்ணியின் குரல், "துண்டு" என்றது. அந்த இருபது நிமிடத்தில் பேசப்பட்ட ஒரே சொல் அதுதான். செவ்வாயன்று அதுவும் இல்லை. வியாழனன்று அண்ணி வரவில்லை. என் போனுக்குச் செய்தி வந்தது: "தம்பி, முட்டி தேவலை. இனி வரவில்லை." அடுத்த வாரம் பிசியோ பெண் உங்கள் வீட்டுக்கே போய் அளந்துவிட்டு வந்து சொன்னாள். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றொன்றாகக் குறைந்திருக்கிறது. டாக்டர் தந்த கெடுவில் மிச்சம் பத்தொன்பது நாள்.

அன்று மாலையே இரண்டு பஸ் மாறி உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார்.

"அண்ணி, புது பம்பு போட்டிருக்கேன். சத்தமே இல்ல."

"தெரியும் தம்பி. ரொம்ப அமைதியா இருக்கு."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். உங்களுக்கு."

இந்தக் கடைசிச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கவில்லை. செய்திக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் என் ஊகம் ஊர்ஜிதமாயிற்று. கேட்டுவிடும் என்ற பயம் வந்ததும் இருவருக்கும் வாய் அடைத்துவிட்டது. அங்கிருந்து நேராக மோட்டார்க்காரர் பட்டறைக்குப் போனேன். பழைய பம்ப் மூலையில் கிடந்தது. அதையே மறுபடி மாட்டித் தரக் கேட்டேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ரிப்பேர் பண்ணித் தாங்கன்னு வருவாங்க சார். ரிப்பேர் ஆக்கித் தாங்கன்னு ஒருத்தர் வர்றத இப்பதான் பாக்குறேன்."

"சத்தம் மட்டும் வந்தா போதும்."

"சத்தத்தோட கரண்டும் வரும். தண்ணிக்குள்ள ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. இந்தக் கையால அத மாட்ட மாட்டேன். உங்களுக்கு என்ன சார் கஷ்டம்? வீட்ல அமைதி தாங்கலயா?"

அவர் சொன்னது நியாயம். ஆகவே நானே ஒரு வழி செய்தேன். சலவை இயந்திரத்தைப் பின்னறைக் கதவோரம் நகர்த்தி, என் பழைய தோல் செருப்புகள் நான்கைத் துணியில்லாமல் உள்ளே போட்டு, தண்ணீர் பிழியும் வேகத்தில் வைத்தேன். சனிக்கிழமை ஒரே ஒரு முறை வரும்படி அண்ணியைக் கெஞ்சி வரவழைத்திருந்தேன். சத்தம் பிரமாதமாக வந்தது. பழைய பம்பே தோற்றது. ஆனால் அந்த இயந்திரம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. குதித்துக் குதித்து நடந்துபோய்க் கதவுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறுகிக்கொண்டது. கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. இயந்திரத்தின் பொத்தான்கள் கதவுப்பக்கம் திரும்பிவிட்டன, மின்சொருகி அதன் முதுகுப்பக்கம் மாட்டிக்கொண்டது. மெயினை அணைக்கலாம் என்றால் மெயின் பெட்டி பின்னறைக்குள் இருக்கிறது. எதிர்வீட்டுத் தச்சர் வந்து கதவுக் கீலைக் கழற்ற முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ஆனால் சகலை, அந்த முப்பத்தைந்து நிமிடமும் உள்ளே நிழல் கைகள் இரண்டு ஜோடி ஆடிக்கொண்டே இருந்தன. ஒரு தடவை, செருப்புகள் மோதிய இரண்டு மோதலுக்கு நடுவில், சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவருடைய சிரிப்பு இல்லை, இருவருடையது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வாரம் மூன்று முறை கீலைக் கழற்ற முடியாது. நீங்கள் இயந்திரங்களுக்கு நடுவில் வேலை பார்ப்பவர். மின்சாரம் கசியாமல், தண்ணீர் ஒழுகாமல், ஆனால் காது கிழியச் சத்தம் போடும் பம்ப் ஏதேனும் உலகத்தில் செய்கிறார்களா என்று விசாரித்து எழுதுங்கள். இல்லையென்றால் தொட்டிக்கு வரும்படி அண்ணிக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். பத்தொன்பது நாளில் நான்கு போய்விட்டது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் இருந்தால் உறவு தழைக்கும் என்பது இத்தனை வயதுக்குப் பிறகு நான் கண்டுபிடித்த உண்மை. அதை நிரூபிக்க ஒரு பம்ப் கிடைக்காமல் போய்விடக் கூடாது.

உங்கள் உடல் நலத்துக்கும், ஒப்பந்தம் நல்லபடி முடிந்து மூன்று மாதத்தில் நீங்கள் ஊர் திரும்புவதற்கும், அதற்குள் அண்ணி நூற்றுப்பத்தைத் தொடுவதற்கும் மனமார வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்புள்ள
இளைய சகலை

பின்குறிப்பு (வேறு கையெழுத்தில்):

அத்தான், உறையை ஒட்டப் பசை தேடி இவர் மாடிக்குப் போயிருக்கிறார். கடிதம் மேசைமேல் திறந்து கிடந்தது. படித்தேன். எண்கள் எல்லாம் சரி. மற்றது எதுவும் சரியில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் அக்காவும் எட்டு வருடம் மில்லில் தறி ஓட்டியவர்கள். உங்கள் இருவருக்கும் இது தெரியும், ஆனால் உங்கள் இருவருக்கும் இது நினைவில் இல்லை. ஒரே கூடத்தில் நூற்றிருபது தறி ஓடும். பத்துத் தறி தள்ளி நிற்பவள் என்ன சொல்கிறாள் என்பதை அவள் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். அந்தச் சத்தத்துக்கு முன்னால் இந்த பம்ப் ஒரு கொசு. நாங்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எங்களுக்குத் தெரியும். இருவரும் ஒன்றாகப் பேசினோமாம், ஆச்சரியப்படுகிறார். வாய் பேசும்போது கண் சும்மாதானே இருக்கிறது. காதால் கேட்பவர்களுக்குத்தான் ஒவ்வொருவராகப் பேச வேண்டிய தொல்லை.

படச் சண்டை இரண்டாவது நாளே தீர்ந்துவிட்டது. "நீ இல்லன்னு தெரிஞ்சேதான் சிரிச்சேன்டி" என்று அக்கா ஒப்புக்கொண்டாள். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதோடு முடிந்தது. உங்களிடம் சொல்லாததற்குக் காரணம், பேசாத அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் நீங்கள் இருவரும் ஓடிய ஓட்டத்தில் எங்களுக்குப் பாதி வேலை மிச்சமாயிற்று.

பழைய பம்ப் ஓடும்போது எங்களுக்கு எல்லாம் தெரியும், வெளியே நாற்காலியில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. புது பம்ப் வந்ததும் அவருக்கு எல்லாம் கேட்கும். பிறகு எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைக்கலாமே என்பீர்கள். அக்கா அப்போது பேசிக்கொண்டிருந்தது சத்தமில்லாமல் பேசக்கூடிய விஷயம் இல்லை. அவளுக்கு அழுகையும் கொஞ்சம் உரக்கத்தான் வரும்.

ஆகவே பம்ப் தேட வேண்டாம். இன்று காலை நாற்காலியை நானே மாடிக்குத் தூக்கிப்போய்ப் போட்டு, இவரையும் அதில் உட்கார வைத்துவிட்டு, இவருக்குத் தெரியாமல் அக்காவை வரச் சொன்னேன். இருபது நிமிடம் ஐம்பது நிமிடம் ஆனது, தண்ணீர் ஆறியதுகூடத் தெரியவில்லை. பிசியோ பெண் அளந்து பார்த்தாள், தொண்ணூற்றொன்பது.

அக்கா ஏன் அழுதாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வீடியோவில் பேசும்போது நடுவில் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிப் பேசுகிறீர்கள் அல்லவா. படம் நிற்பதில்லை அத்தான். பம்ப் கெடுவதற்கு இரண்டு வாரம் முன்னால் அந்த நண்பரிடம் நீங்கள் சொன்னது, "இன்னும் ஒரு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்ப்பா, வீட்ல எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல." அன்றிலிருந்து அவள் காத்திருக்கிறாள்.

அடுத்த முறை கூப்பிடும்போது சத்தத்தை நிறுத்தாமல் சொல்லிவிடுங்கள். அவளுக்குச் சத்தம் தேவையில்லை. உங்களுக்குத்தான் தேவை.